புது நீரும் பொன்மீனும்

வீட்டில் அழகுக்காக வளர்க்கப்படும் மீன்கள், கவனிப்பாரற்றுக் கிடந்த நாட்களில் பிழைத்திருந்துவிட்டு, தொட்டியைத் துலக்கிப் புதுநீர் வார்த்த நாளில் மாண்டுபோவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். காலையில் நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது; மணலும் கூழாங்கற்களும் கழுவப்பட்டு மின்னுகின்றன. மாலைக்குள் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுள்கள் படபடக்கின்றன. சில, வெறிகொண்டவைபோல் கண்ணாடியில் மோதுகின்றன. சில ஒருபக்கமாகச் சாய்ந்து அடியில் கிடக்கின்றன. தூய்மை செய்தவர் செய்வதறியாது திகைத்து, இந்த நீரிலும் ஏதோ குற்றமிருக்கிறதென்று எண்ணி, அதையும் கொட்டிவிட்டு மறுபடி புதுநீர் நிரப்புகிறார். பெரும்பாலும் அத்துடன் கதை முடிந்துவிடுகிறது.

நீர் தூயதாயின் மீனுக்கு இடர் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்குரிய விடை ஒரு நாளில் ஒருவரால் கண்டறியப்பட்டதன்று. அதன் ஒரு துண்டை இலண்டன் மருந்து வணிகர் சங்கத்தின் இரசாயனர் ஒருவர் கண்டார். இன்னொரு துண்டு பாரிஸ் நகரத்துச் சாக்கடை நீரிலிருந்து கிடைத்தது. மற்றொன்று வயல் மண்ணிலிருந்தும், வேறொன்று பீர் வடிக்கும் தொழிலைச் சார்ந்த ஆய்வுக்கூடத்திலிருந்தும் வந்தன. இவர்களுள் முதல்வர் ஒருவரைத் தவிர, மற்ற எவரும் மீனை நினைத்துத் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினாரல்லர். அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

பொன்மீனைத் தொட்டியில் வளர்க்கும் கலை சீனருடையது. சிவந்த நிறங்கொண்ட மீன்களைத் தனியே பிரித்துக் குளங்களில் வளர்க்கும் வழக்கம் அங்கே சுங் அரசர் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. பின்னர் மிங் அரசர் காலத்தில், குளத்தைவிட்டு மட்பாண்டத்திலும் பீங்கானிலும் அவற்றை வளர்க்கலாயினர். 1596-ஆம் ஆண்டில் சாங் சியந்தே என்பவர் செந்தூர மீனைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஆற்றிலும் ஏரியிலும் முகந்த நீரே தலையாயது. தெளிந்த கிணற்று நீர் அடுத்தது. நகரத்துள் ஓடும் கால்வாய் நீர் அறவே ஆகாது என்பது அவர் வகுத்த வரிசை. நீரிலே வகையுண்டு, கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீர்களெல்லாம் மீனுக்கு ஒன்றல்ல என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். காரணம் கூற அக்காலத்தில் யாராலும் இயலாது.

ஐரோப்பாவுக்குப் பொன்மீன் வந்தபோது அந்த அனுபவம் உடன்வரவில்லை. 1665-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள், இலண்டனில் ஒரு வீட்டில் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் அந்நிய நாட்டு மீன்கள் நீந்தக் கண்டதாகச் சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவை அவ்வாறே என்றென்றும் உயிர்வாழும் என்றும் அவர் நம்பினார். நீரில் இருப்பதே மீனுக்கு உயிர்வாழப் போதும் என்ற அந்த நம்பிக்கை எளிதில் மறையவில்லை. வாய் குறுகிய உருண்டைக் கண்ணாடிக் குடுவை இன்றும் கடைகளில் விற்பனையாவதே அதற்குச் சான்று.

நீரில் கரைந்த காற்றைத்தான் மீன் சுவாசிக்கிறது என்ற அறிவு தெளிவுபடப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வந்தது. எரியும் மெழுகுவத்தி கெடுத்த காற்றை ஒரு செடி மீண்டும் நல்லதாக்குகிறது என்பதை 1771-இல் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டார். அச்செயலுக்குச் சூரிய ஒளி வேண்டும் என்பதை 1779-இல் ஜான் இங்கன்ஹவுஸ் காட்டினார். இவ்விரண்டையும் மீன் தொட்டியோடு இணைத்துப் பார்க்க மேலும் 70 ஆண்டுகள் கழிந்தன.

இடையில் ஒரு சீமாட்டியின் கதை சொல்லத்தக்கது. வெஸ்ட்மின்ஸ்டர் திருக்கோயிலின் துணைத்தலைவராயிருந்த ஜான் தின் பிரபுவின் மனைவி ஆன்னா தின் அம்மையார், 1846-இல் டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் சில பவளப் பூச்சிகளைக் கண்டு ஆசைகொண்டார். ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சில் தைத்து, ஜாடியில் இட்டு இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். கடல்நீரை அடிக்கடி மாற்றுவது இயலாத காரியம். கடலோ தொலைவில் உள்ளது. ஆகவே பழைய நீரையே திறந்த சாளரத்தின் முன் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு அரைமணி முக்கால்மணி நேரம் மாறி மாறி ஊற்றச் செய்தார். ஊற்றியவள் வேலைக்காரச் சிறுமி. அவளுக்கு அது விளையாட்டாகவே இருந்தது என்று அம்மையார் பின்னாளில் எழுதினார். அச்சிறுமி என்ன சொல்லியிருப்பாள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். நம் நாட்டுக் கடைகளில் தேநீர் ஆற்றுவோரின் கைவண்ணத்தைக் கண்டவர்களுக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. நீரை மாற்றாமலே நீரைப் புதுப்பிக்கலாம் என்பதை அவ்வீட்டார் செய்து காட்டினர் என்பதே நாம் குறிக்கொள்ள வேண்டுவது. அடுத்த ஆண்டில் அம்மையார் உயிருள்ள கடற்பாசி படர்ந்த கற்களையும் தொட்டியில் சேர்த்தார்.

செடியும் மீனும் ஒன்றையொன்று காக்கும் என்பதை முறையாகச் சோதித்து வெளியிட்டவர், முன்னே நாம் சுட்டிய இரசாயனரான இராபர்ட் வாரிங்டன். அவர் 1849-இல் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் மணலும் சேறும் இட்டு, நாடாபோல் நீண்ட இலையுடைய வாலிஸ்னீரியா என்னும் நீர்ச்செடியை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். சில நாள் எல்லாம் செம்மையாயிருந்தது. பிறகு செடியின் பழுத்த இலைகள் அழுகி, நீர் கலங்கிப் பாசி படர்ந்தது. வேறொருவராயின் உடனே நீரைக் கொட்டியிருப்பார். வாரிங்டன் அதைச் செய்யவில்லை. குளத்தில் அழுகலை உண்பது யார் என்று சிந்தித்து, சில குளத்து நத்தைகளைக் கொணர்ந்து இட்டார். அவை அழுகிய இலைகளைத் தின்றன. அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. நீர் மீண்டும் தெளிந்தது. 1850 மார்ச்சில் அவர் இதனை இரசாயனக் கழகத்தில் அறிவித்தார்.

இதன்பின் இங்கிலாந்தில் மீன் தொட்டி ஒரு மோகமாயிற்று. 1853-இல் இலண்டன் மிருகக்காட்சிச் சாலையில் மீன் மாளிகை திறக்கப்பட்டது. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லையே நாடறியச் செய்தது. மொழிபெயர்ப்புத் தொழிலால் சொற்களின் பிறப்பைத் துருவும் வழக்கம் நமக்கு ஒட்டிக்கொண்டுள்ளது. இலத்தீனத்தில் அச்சொல்லுக்குக் கால்நடை நீர் அருந்தும் இடம் என்றே பொருள். மாடு நீர் குடிக்கும் தொட்டி மீன் வாழும் தொட்டியாக உயர்ந்தது.

ஆனால் வாரிங்டனின் கண்டுபிடிப்பிலிருந்து மக்கள் ஒரு விதியை உருவாக்கிக் கொண்டனர். செடியும் மீனும் சமனாயிருந்தால் நீரை ஒருநாளும் மாற்றவேண்டாம் என்பது அவ்விதி. இதற்கு நேர் எதிராக, நாள்தோறும் நீரை அடியோடு மாற்றுவோரும் இருந்தனர். முன்னவர் வீட்டில் மீன் மெல்ல நலிந்தது. பின்னவர் வீட்டில் திடீரென மாண்டது. இரு சாராரும் தத்தம் முறையே சரியென்று வாதிட்டதில் வியப்பில்லை. நீருக்குள் உண்மையில் என்ன நடைபெறுகிறது என்பது அதுவரை எவர்க்கும் தெரியாது.

தெரியாமலே சரியான வழியைப் பிடித்தவர் ஒருவர் உண்டு. வில்லியம் ஆல்ஃபர்ட் லாயிட் என்பவர் 1864-இல் ஹாம்பர்கிலும், 1871-இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் மீன்காட்சிச் சாலைகளை அமைத்தார். காட்சித் தொட்டிகளைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய நீர்த்தேக்கத்தை நிலத்துக்கடியில் இருளில் வைத்து, அதே நீரை ஓயாமல் மேலும் கீழும் சுழலச் செய்தார். நீரை மாற்றுவதை அவர் வெறுத்தார். இருளும் ஓட்டமும் நீரைத் தூய்மையாக்கும் என்பது அவர் கொள்கை. பயன் உண்மை, காரணம் அவர் கருதியது முற்றிலும் அன்று.

அந்தக் காரணம் பாரிஸிலிருந்து வந்தது. 1877-இல் ஷ்லேசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய நீண்ட குழாயின்வழியே சாக்கடை நீரை மெல்ல இறங்கவிட்டனர். அழுகலிலிருந்து உண்டாகும் அமோனியா 20 நாட்கள்வரை மாறாமல் அப்படியே வெளிவந்தது. அதன்பின் திடுமெனக் குறையத் தொடங்கி, அதற்கு ஈடாக நைட்ரேட் உப்பு தோன்றியது. குழாயில் குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. ஆவியை நீக்கி, தோட்டத்து மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது சேர்த்ததும் சின்னாட்களில் மறுபடி தொடங்கியது. மணலுக்கு மயக்கம் வராது. ஆகவே அங்கே வேலை செய்தவை உயிருள்ளவை.

இச்செய்தியைக் கேட்டு உடனே ஆராய்ச்சியில் இறங்கியவர், இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இளைய இராபர்ட் வாரிங்டன். நாம் முன்னர்க் கண்ட வாரிங்டனின் புதல்வரே இவர். தந்தையின் ஆய்வுக்கூடத்தில் இரசாயனம் பயின்றவர். வயலில் எருவுக்கு என்ன நேர்கிறது என்பதே இவர் கவலை. அம்மாற்றம் இரு படிகளில் நிகழ்கிறது என்று காட்டினார்: அமோனியா முதலில் நைட்ரைட் ஆகிறது; நைட்ரைட் பின்னர் நைட்ரேட் ஆகிறது. ஆயினும் அவ்வேலையைச் செய்யும் நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுக்க அவரால் ஆண்டுக்கணக்கில் இயலவில்லை. 1890-இல் சூரிச் நகரிலிருந்த வினோகிராட்ஸ்கி அவரை முந்திக்கொண்டார். எனினும் தந்தையின் தொட்டியில் செடியும் நத்தையும் மீனும் தவிர நான்காவதாக ஒரு கூட்டம் மணலிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு உழைத்தது என்பதும், புகழனைத்தும் நத்தைக்கே போயிற்று என்பதும், மைந்தரின் ஆராய்ச்சிக்குப் பின்னரே விளங்கின. இவ்வரலாற்றில் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது இதுவே.

மீன் தன் கழிவான அமோனியாவைப் பெரும்பாலும் செவுளின் வழியே நீரில் விடுகிறது என்பதை 1929-இல் ஹோமர் ஸ்மித் நிறுவினார். அந்நஞ்சை நைட்ரைட்டாகவும், பெருந்தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது மேற்கூறிய நுண்ணுயிர்களின் தொழில். அவை நீரில் மிதப்பதைக் காட்டிலும் மணலிலும் கல்லிலும் வடிகட்டும் பஞ்சிலுமே மிகுதியாகக் குடியிருக்கின்றன. இல்லத்தார் மணலைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, பஞ்சைச் சோப்பிட்டு அலசி, வெயிலில் உலர்த்தி வைக்கும்போது, பாரிஸ் அறிஞர் குளோரோபாரத்தால் செய்ததையே செய்கின்றனர். நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகும்வரை அமோனியாவும் அதன்பின் நைட்ரைட்டும் ஏறிக்கொண்டே போகும். இவ்வுயிர்கள் இன்னவை என்னும் ஆராய்ச்சி இன்னும் வளர்ந்துவருகிறது. நைட்ரைட்டை மாற்றுவது நெடுங்காலம் நம்பப்பட்ட நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1998-இல் மீன் தொட்டிகளைச் சோதித்தே கண்டனர்.

இனிக் குழாய் நீருக்கு வருவோம். சாங் சியந்தே அறிந்திராத ஒரு பொருள் இருபதாம் நூற்றாண்டில் நகர நீரில் கலந்தது. 1905-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் விஷக்காய்ச்சல் பரவியபோது குடிநீரில் குளோரின் சேர்க்கப்பட்டது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரம் அதனை நிரந்தர ஏற்பாடாக்கியது. அதனால் காக்கப்பட்ட மனித உயிர்கள் எண்ணிலடங்கா. நமக்கு உயிர்காக்கும் அப்பொருளே மீனின் செவுளை அரிக்கிறது. குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர அளவை. அதனினும் குறைந்த அளவே மீன்கள் பலவற்றுக்குத் தீங்கு பயக்கும்.

இதற்கு மாற்று, புகைப்படக்காரரின் இருட்டறையிலிருந்து கிடைத்தது. ஜான் ஹெர்ஷல் 1819-இல் வெள்ளி உப்புகளைக் கரைக்கவல்லது எனக் கண்டறிந்த ஹைப்போ என்னும் சோடியம் தயோசல்பேட்டே அது. ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஹைப்போ தாராளமாகப் போதும். நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுதும் திறந்துவைத்தாலும் குளோரின் பறந்துவிடும். ஆனால் எல்லா ஊரிலும் இது பலிக்காது. குளோரினோடு அமோனியாவையும் சேர்த்துக் குளோரமைன் ஆக்கும் முறை முதல் உலகப் போர்க்காலத்தில் கனடாவின் ஒட்டாவா நகரில் தொடங்கிப் பல நாடுகளில் பரவியது. அது நாட்கணக்கில் நீரைவிட்டு அகலாது. ஹைப்போ அதிலுள்ள குளோரினை முறித்தாலும் அமோனியா எஞ்சிநிற்கும். அதை ஏற்றுக்கொள்ள நுண்ணுயிர்க் கூட்டம் தொட்டியில் குறைவின்றி இருக்கவேண்டும்.

குளோரின் சிறிதுமில்லாத கிணற்று நீரை வார்த்தபோதும் மீன்கள் சில நிமிடங்களில் துடிதுடித்து மாள்வதுண்டு. இது நெடுநாள் புதிராகவே இருந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் வடிசாலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன், 1909-இல் நீரின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் ஓர் எண்ணால் குறிக்கும் பி.எச். அளவையை வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம், ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு மாற்றத்தைக் குறிக்கும். இந்த அளவுகோல் கிடைத்தபின்னரே புதிர் அவிழ்ந்தது.

மாதக்கணக்கில் நீர் மாற்றாத தொட்டியில், அமோனியாவை மாற்றும் வேலையினாலேயே அமிலம் பிறந்து, நீரிலுள்ள கார்பனேட் உப்பு செலவாகி, பி.எச். எண் 6-க்கு இறங்குகிறது. அமிலம் மிகுந்த நீரில் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோக, அமோனியா சேர்கிறது. ஆனால் அந்நிலையில் அது அமோனியம் என்னும் பெரிதும் தீங்கற்ற வடிவிலேயே நிற்கும். 25 பாகை வெப்பத்தில், எண் 6 ஆயின் நஞ்சான வடிவம் பத்தாயிரத்தில் ஆறு பங்கே. எண் 8 ஆயின் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல். ஏறக்குறைய நூறு மடங்கு! அப்பழைய தொட்டியில் பாதிக்குமேல் இறைத்துவிட்டு, காரமுள்ள கடின நீரை வார்த்தால், எஞ்சிய நீரில் அடங்கிக் கிடந்த அமோனியம் கணத்தில் நஞ்சாக உருமாறுகிறது. மஞ்சள் பூத்த பழைய நீருக்கு மருத்துவ குணமுண்டென்று மீன் வளர்ப்போர் பலர் போற்றி வந்ததும், புதுநீரை ஆலகாலமென அஞ்சியதும் இதனால்தான். அவர்கள் கண்டது பொய்யன்று. புதுநீரை மட்டும் பழித்ததே பிழை.

குளிர்காலத்தில் நேரும் இன்னோர் இடரையும் கூறவேண்டும். அழுத்தத்தில் வரும் குளிர்ந்த குழாய் நீர் அளவுக்கு மிஞ்சிய காற்றைக் கரைத்துவைத்திருக்கும். அது தொட்டியில் வெப்பமேறும்போது கண்ணாடியிலும் மீனின் துடுப்பிலும் சிறு குமிழிகளாகப் படியும். உடலுக்குள் இரத்தக் குழாயிலும் படியக்கூடும். அமெரிக்காவின் உட்ஸ்ஹோல் மீன்வள நிலையத்தில் மீன்கள் காரணமின்றி மடிந்ததை ஆராய்ந்த மார்ஷ், கோரம் இருவரும் 1905-இல் இந்நோயை விளக்கினர். காற்று இன்மையால் மட்டுமன்று, காற்று மிகையாலும் மீன் சாகும் என்பது அன்று பலர்க்கு வியப்பளித்தது.

நீரை மாற்றவே வேண்டாம் என்ற பழைய விதியை வெளிப்படையாகத் தாக்கியவர் நியூயார்க் மீன்காட்சிச் சாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆட்ஸ். சமனான தொட்டி என்பது கட்டுக்கதை என்று 1949-இல் அவர் எழுதினார். செடி இரவில் பிராணவாயுவை உண்கிறது. மீனுக்கு வேண்டிய காற்றில் பெரும்பகுதி நீரின் மேற்பரப்பு வழியாகவே வருகிறது என்பது அவர் வாதம். நம் நாட்டில் 1909-இல் சென்னைக் கடற்கரையிலும், 1951-இல் பம்பாயிலும் பொது மீன்காட்சிச் சாலைகள் திறக்கப்பட்டன. வீட்டுத் தொட்டிக்குரிய மீன்களைப் பெருக்குவது இன்று சென்னைக் கொளத்தூரில் ஒரு குடிசைத் தொழிலாகவே வளர்ந்துள்ளது. ஆகவே இவ்வறிவு பலருக்கு இன்று பிழைப்போடும் தொடர்புடையது.

மேற்கூறிய வரலாற்றைத் துணைகொண்டு, துன்புறும் மீனைக் கண்டவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நீர் மாற்றியபின் எவ்வளவு நேரத்தில் துன்பம் தோன்றியது? சில நிமிடங்களிலாயின் குளோரினையோ, பி.எச். எண்ணின் திடீர் ஏற்றத்தையோ, வெப்பநிலை வேறுபாட்டையோ ஐயுறலாம். உடனே காற்றுக்குழாயை முடுக்கிவிட்டு, நீரை அசைத்து, குழாய் நீராயின் அளவறிந்து ஹைப்போ இடவேண்டும். தொட்டியை மறுபடி அடியோடு கொட்டுதல் கூடாது. இரண்டு மூன்று நாட்கள் கழித்துத் துன்பம் தோன்றினால், கழுவிய மணலில் நுண்ணுயிர் மடிந்தது என்று கொள்ளலாம். அப்போது உணவைக் குறைத்து, குளோரின் நீக்கி வெப்பம் ஒத்துள்ள நீரால் நாளொன்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு மட்டும் மாற்றிவர வேண்டும். காற்று நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறி, செவுள் பழுப்பேறியிருந்தால் அது நைட்ரைட்டின் வேலையாயிருக்கலாம். லிட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான கல்லுப்பு, அது செவுளுள் நுழைவதைப் பெரிதும் தடுக்கும்.

நெடுநாள் மாற்றாத தொட்டியாயின் முதல் வாரத்தில் பத்தில் ஒரு பங்குக்குமேல் மாற்றாமல், சில வாரங்களில் படிப்படியாகப் புதுநீருக்குப் பழக்குதல் நன்று. வடிகட்டும் பஞ்சைக் கழுவியே ஆகவேண்டுமாயின், தொட்டியிலிருந்து இறைத்த பழைய நீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, அதிலேயே இரண்டுமுறை பிழிந்து மீண்டும் இட்டுவிடலாம். மணலை அன்றைக்கே தொடவேண்டியதில்லை.